ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!



சென்னை - திருச்சி சாலையும் சேலம் சாலையும் சேருகிற ஊர் நம்ம உளுந்தூர்பேட்டை. ராத்திரி எந்நேரம் கண் விழித்தாலும் லாரிச் சத்தம் கேட்கும். நம்மில் பல பேருக்கு மாமாவோ சித்தப்பாவோ ஸ்டியரிங் பிடித்துத்தான் குடும்பத்தை நடத்துகிறார்கள். அதனால் "டிப்ளமோ முடிச்சதும் ஒரு ஹெவி லைசென்சும் போட்டு வெச்சுக்கலாம்" என்ற பேச்சு நம் ஹாஸ்டலில் அடிக்கடி வரும். நல்ல யோசனைதான். ஆனால் எந்த டிரைவிங் ஸ்கூலில் சேருவது என்று யாரும் யோசிப்பதில்லை. ஃபீஸ் எங்கே கம்மியோ அங்கே சேர்ந்து விடுகிறோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தவன் நான்.

என் பெரியப்பா மகன் ஒரு ஸ்கூலில் பணம் கட்டினார். ஒரே வண்டியில் ஏழெட்டுப் பேர். ஐந்தாறு நாள் கொஞ்ச நேரம் ஓட்டினார். முப்பது நாளுக்கும் சேர்த்து ஒரே உட்காரலில் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். லைசென்சும் வந்தது. முதல் மாதமே கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு. கிளீனராகப் போனவர் என் அப்பா.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும்போது அண்ணன் மேல் கியரிலேயே வந்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கியரைக் குறைடா, கியரைக் குறைடா" என்று அப்பா கத்தியிருக்கிறார். அந்த வேகத்தில் கீழ்க் கியர் விழவில்லை. வண்டி தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. அப்பாவுக்குக் கால் முறிவு, நான்கு மாதம் வீட்டில். அண்ணன் இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "தப்பு ரோட்டுல இல்லடா தம்பி, ரிஜிஸ்டர்ல இருக்கு" என்பார்.

ஏன் பிரேக் பிடிக்கவில்லை? நாம் படித்த பாடம்தான். ஓடுகிற வண்டியின் இயக்க ஆற்றல் எடையைப் பொறுத்தும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் 16 டன் லாரியில், அதே வேகத்தில் போகும் 1 டன் காரைப்போல 16 மடங்கு ஆற்றல். இறக்கத்தில் அதையெல்லாம் பிரேக்கிலேயே அடக்கினால் அத்தனையும் டிரம்மில் வெப்பமாக மாறும். டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும். ஏர் பிரேக்கில் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் காற்றும் செலவாகும். அதனால்தான் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ்க் கியருக்கு வந்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும். கார் பழகியவனுக்கு இது தானாக வராது. உட்கார வைத்துச் சொல்லித் தர ஆள் வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்கு எல்.எல்.ஆர். வாங்கவே, கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஆகவே 18 வயதுக்காரர்கள் இப்போது கார் லைசென்சை எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம். முன்பு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. என் அப்பா கிளீனராகவே நின்றுபோனது அதனால்தான். 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். படிப்பு விதி போனபின் பயிற்சி ஒன்றுதான் நமக்குக் காவல்.

ஸ்கூலில் சேருமுன் கவனிக்க வேண்டியவை:

1. உரிமம்: படிவம் 11 என்கிற உரிமம் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். காலாவதி ஆகாததா, கனரக வண்டிக்கும் சேர்த்துக் கொடுத்ததா என்று படித்துப் பாருங்கள்.

2. நேரம்: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள்படி போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது, உங்கள் கையால் ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக்கூடாது. ஓட்டிய நேரத்தைப் படிவம் 15 ரிஜிஸ்டரில் குறிக்க வேண்டும். ஓட்டாத நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று கேட்டாலே கணக்கு தெரிந்துவிடும்.

3. வண்டி: ஸ்கூலுக்குச் சொந்தமான ஹெவி வண்டி இருக்கிறதா? ஆசிரியர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கிறதா?

4. ஆசிரியர்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்து வருஷ ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழோ அதற்கு மேற்பட்ட இயந்திரவியல் படிப்போ வேண்டும் என்பது விதி. "ஏர் குறைஞ்சா என்ன செய்யணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

5. பாதை: காலி மைதானத்தை மட்டும் சுற்ற வைக்கிறார்களா, இல்லை பைபாஸ், சந்தைத் தெரு, ராத்திரி ஓட்டம், ரிவர்ஸ், ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டா? திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வருவதைக் காட்டித் தருகிறார்களா?

6. பணம்: எதற்கு எவ்வளவு என்று ரசீது வாங்குங்கள். "வராமலேயே லைசென்ஸ் வாங்கித் தர்றோம்" என்றால் அங்கே உட்காரவே வேண்டாம். அங்கே படித்து இப்போது வண்டி ஓட்டுகிற இரண்டு பேரையாவது விசாரியுங்கள்.

வசதி இருப்பவர்கள் கொஞ்சம் வெளியேயும் பார்க்கலாம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் 1995இல் தொடங்கிய அசோக் லேலண்டு ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வாகனப் பயிற்சி தருகிறது. 2021 ஜூலையில் வந்த புதிய விதிகள்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம், வகுப்பும் ஓட்டமும் சேர்த்து. அங்கே தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வு கிடையாது.

இதெல்லாம் டிரைவர் ஆகப் போகிறவனுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் டிப்ளமோவோடு ஹெவி லைசென்சும் கேட்கிறார்கள். ஐந்து வருஷம் ஓட்டிய டிப்ளமோக்காரன் நல்ல பயிற்சி ஆசிரியராகவும் ஆகலாம். அப்படிப்பட்டவர் ஒருவர் அண்ணனுக்குக் கிடைத்திருந்தால் என் அப்பா இன்று நேராக நடந்துகொண்டிருப்பார்.

நண்பர்களே, லைசென்ஸ் என்பது ஒரு அட்டை. இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கப்போவது அட்டை இல்லை, பழகிய கையும் காலும்தான். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், கூட உட்கார்ந்திருப்பவரின் காலை அடகு வைக்க வேண்டாம். கேட்டு, பார்த்து, அப்புறம் சேருவோம்!