ஒளிப்படத்துக்கு முந்தைய அச்சு உருவப்படங்களைச் சான்றாகக் கொள்ளுதல்: திப்பு சுல்தான் படங்களை முன்வைத்து

முன்னுரை

1839இல் டாகெரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்படும் முன்னர், ஒருவரின் உருவம் பலரைச் சென்றடைய அச்சே முதன்மை வழியாக இருந்தது. அவ்வச்சுப் படங்கள் இன்று வரலாற்று நூல்களின் அட்டையிலும் உள்ளும் இடம்பெறுகின்றன. அவற்றின் நம்பகத்தன்மையை அவை உருவான முறையைக் கொண்டே மதிப்பிட இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உருவாக்க முறை

ஓவியர் தீட்டிய படத்தைச் செதுக்குநர் செப்புத்தகட்டில் பெயர்த்தார். உளியால் கோடுகளாகக் கீறுவது கோட்டுமுறை. நுண்புள்ளிகளால் நிழல் காட்டுவது புள்ளிமுறை. முகத்தின் மென்மைக்குப் பின்னது ஏற்றது. பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தி அச்சிட்டனர். அச்சில் இடவலம் மாறுமாதலின், தகட்டில் உருவத்தை இடவலம் மாற்றியே செதுக்க வேண்டும். அவ்வாறு செய்யாதவிடத்து, வலக்கை வாள் இடக்கைக்கு மாறிவிடும்.

விளிம்பெழுத்துகள்

படத்தின் அடியில் பொதுவாக இடப்புறம் 'பிங்க்சிட்' என்னும் இலத்தீன் சொல்லுடன் ஓவியர் பெயரும், வலப்புறம் 'ஸ்கல்ப்சிட்' என்னும் சொல்லுடன் செதுக்குநர் பெயரும் காணப்படும். உரிமை பெற விழைவோர் வெளியீட்டு நாளையும் உரிமையாளர் பெயரையும் தகட்டில் பொறிக்க வேண்டுமென 1735ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டம் விதித்தது. எனவே, கண்டு வரைந்தவர் யார், பெயர்த்தவர் யார், எப்போது என்னும் வினாக்களுக்கு விளிம்பே முதற்சான்றாகும்.

இரு சான்றுகள்

இராபர்ட் ஹோம் 1791இல் சென்னைக்கு வந்து, காரன்வாலிசின் படையுடன் மைசூர்ப் போர்க்களம் சென்றவர். 1792இல் திப்புவின் இரு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்ட நிகழ்வை ஓவியமாக்கிய அவர், அதில் தம்மையும் வரைந்துகொண்டார். மாறாக, 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததைக் காட்டும் இராபர்ட் கெர் போர்ட்டரின் பேரோவியம் 1800இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனை வெண்ட்ராமினி புள்ளிமுறையில் செதுக்கிப் பரப்பினார். போர்ட்டர் இந்தியாவுக்கு வந்தவரல்லர்.

முடிவுரை

இரண்டும் திறன்மிக்க படைப்புகளே. ஆயினும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல. போர்ட்டர் வழிவந்த படம் திப்புவின் முகத்துக்கன்று, வெற்றியை இலண்டன் மக்கள் எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கே சான்றாகும். மறுபதிப்பில் விளிம்பை வெட்டிவிடுவோர் இவ்வேறுபாட்டை அறியும் வழியையே அழிக்கின்றனர். ஆய்வாளர் படத்தை விளிம்புடன் வெளியிடுவதும், ஓவியர், செதுக்குநர், ஆண்டு ஆகிய மூன்றையும் குறிப்பிடுவதும் இன்றியமையாதன.