சுடுகாட்டு மல்லி தந்த மருந்து

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஆகட்டும், தமிழகத்தின் வேறெந்த ஊரில் ஆகட்டும், நித்தியகல்யாணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசலோரம், வேலியோரம் எங்கு முளைத்தாலும் ஆண்டு முழுக்கப் பூக்கும். சுடுகாட்டிலும் தழைப்பதால் சுடுகாட்டு மல்லி என்றொரு பெயரும் உண்டு. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பிழைக்கவைக்கும் மருந்து இந்தச் செடியில்தான் கிடைத்தது.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இதன் இலையை ஜமைக்கா தீவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்துவந்தார்கள். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடாவுக்கு வந்தன. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அந்த இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோதோ வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. ரத்தப் புற்றில் கட்டுக்கடங்காமல் பெருகுவது வெள்ளை அணுக்கள்தானே!

நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அந்த இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அதே செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் உருவாகும். அவற்றை உருவாகவிடாமல் இம்மருந்துகள் தடுக்க, செல் பாதிப் பிரிவிலேயே நின்று மடிகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை 1980களில் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு அளித்த எம்.சி.பி.-841 என்ற சிகிச்சையிலும் வின்கிறிஸ்டின் இடம்பெற்றது.

மூலிகைச் சாறுகளை இன்று நம் கல்லூரி ஆய்வகங்களும் சோதிக்கின்றன. 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் புற்றுச் செல்களை வளர்த்து, சாற்றை வெவ்வேறு அளவில் விடுவார்கள். ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும்; செத்த செல்லால் முடியாது. ஊதா வெளிற வெளிற, மடிந்த செல்கள் அதிகம் என்று பொருள்.

இது முதல் படி மட்டுமே. தட்டில் இருக்கும் புற்றுச் செல் பினாயில் ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லைச் சாறு விட்டுவைக்கிறதா, எந்த வேதிப்பொருள் வேலை செய்கிறது, விலங்கிலும் மனிதரிலும் பாதுகாப்பானதா என்று அடுத்தடுத்துக் கேட்டாக வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவரங்களைச் சலித்தது. அதில் பெரும் மருந்துகளாக வளர்ந்தவை டாக்சால், கேம்ப்டோதெசின் போன்ற வெகு சில.

மீண்டும் நித்தியகல்யாணிக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினை ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. மிஞ்சினால் நரம்புகள் பாதிக்கப்படும். கைப்பிடி இலையில் எந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. அதனால் நித்தியகல்யாணியைக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் வேறு மூலிகை எடுப்பவர்கள் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நடக்கும் சிகிச்சையை எக்காரணம் கொண்டும் நடுவில் நிறுத்தாதீர்கள்.