குறட்டையும் சத்திரசிகிச்சையும்: மயக்க மருந்துக்கு முன் தெரிவிக்க வேண்டியவை

குறட்டை விட்டு உறங்குபவரைப் பார்த்து 'நல்ல நித்திரை' என்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். மருத்துவம் அவ்வாறு கருதுவதில்லை. உரத்த குறட்டை திடீரென நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாதிருந்து, பின்னர் திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின், அது 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதே இதன் காரணம்.

வழக்கமான இரவுகளில் மூளை சற்றே விழித்து அப்பாதையைத் திறந்துவிடுகிறது. மயக்க மருந்தும் மோர்ஃபின் போன்ற வலிநிவாரணிகளும் தசைகளை மேலும் தளர்த்துவதோடு, இவ்விழிப்பையும் மழுங்கடிக்கின்றன. ஆகவே ஆபத்து சத்திரசிகிச்சை அறையுடன் முடிவதில்லை. அடுத்த சில இரவுகளுக்கும் நீடிக்கிறது.

சத்திரசிகிச்சைக்கு முந்தைய சந்திப்பில் குறட்டை, பகற்களைப்பு, இரத்த அழுத்தம், உடல் எடை, கழுத்துச் சுற்றளவு ஆகியவை பற்றி வினவுவர். உறக்கத்தில் மூச்சு நிற்பதை எவரேனும் கண்டதுண்டா என்ற கேள்விக்கு மட்டும் நோயாளியால் விடை கூற இயலாது. அதை அறிந்தவர் பெரும்பாலும் வாழ்க்கைத்துணையே. ஆனால் ஆங்கிலம் தெரிந்த மகனோ மகளோ பதிலளிக்க, வேறு அறையில் உறங்கும் அவர்கள் 'இல்லை' என்றுவிடுவதும், அருகில் அமர்ந்திருக்கும் தாயாரை எவரும் கேளாதிருப்பதும் நிகழ்கின்றன. பொது மருத்துவமனைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம். தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. விளங்காத ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுவது எவருக்கும் பாதுகாப்பன்று.

உண்மையைக் கூறினால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகுமோ என அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர். பெரும்பாலும் மாறுவது திட்டமே: உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தல், மோர்ஃபின் வகை மருந்துகளைக் குறைத்தல், ஒட்சிசன் அளவை நீண்ட நேரம் கண்காணித்தல், அன்றே வீடு திரும்பாமல் ஓரிரவு தங்குதல். சீபாப் கருவி பயன்படுத்துவோர் அதனைத் தமது முகமூடியுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வீடு திரும்பியபின் பகல் உறக்கத்திலும் கருவியை அணிய வேண்டும். மருத்துவர் தடுக்காவிடின் தலையை உயர்த்தியோ பக்கவாட்டிலோ படுப்பது நன்று. மதுவையும், மருத்துவர் அனுமதிக்காத உறக்க மாத்திரைகளையும், முன்பு மீந்துபோன கோடீன் மாத்திரைகளையும் தவிர்க்கவும். எழுப்பியும் விழிக்காவிடினோ உதடுகள் நீலம் பாரித்தாலோ உடனே 000 இலக்கத்தை அழைக்கவும்.