லண்டன்–நியூயார்க்: போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர்; எப்பக்கமிருந்து அளந்தாலும் அது மாறுவதில்லை. ஆயினும் நியூயார்க் செல்லும் விமானத்துக்குக் கால அட்டவணை ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஒதுக்க, லண்டன் திரும்பும் விமானத்துக்கு ஏழு மணி நேரமே போதுமெனக் கொள்கிறது.

இந்தத் தொலைவு, புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு கோளத்தைச் சுற்றும் 'பெருவட்டம்' வழியே அளக்கப்படுவது. தட்டையான உலகப் படத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் நேர்கோட்டின்படி பறந்தால் சுமார் 200 கிலோமீட்டர் கூடுதலாகச் செல்ல நேரும். விமானத்தின் திரையில் பாதை நியூஃபவுண்ட்லாந்துப் பக்கமாக வடக்கே வளைந்து தெரிவதற்குக் காரணம் இதுவே. வளைந்திருப்பது படமேயன்றிப் பாதையன்று.

நேர வேறுபாட்டுக்குப் புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதே நேரடிக் காரணம் எனப் பலரும் எண்ணுவதுண்டு. காற்றுமண்டலமும் புவியோடு சேர்ந்தே சுழல்வதால் அவ்வெண்ணம் பொருந்தாது. உண்மையான காரணம், ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக விரையும் 'ஜெட் காற்றோட்டம்' ஆகும். வடக்கின் குளிர்ந்த காற்றுக்கும் தெற்கின் வெப்பக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் உருவாகும் இவ்வோட்டம், அவ்வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் வலுக்கிறது.

காற்றைச் சார்ந்து மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு வழிநெடுக மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசுவதாகக் கொண்டால், காற்றோடு செல்லும்போது 5 மணி 32 நிமிடமும், எதிர்த்துச் செல்லும்போது 6 மணி 55 நிமிடமும் ஆகும். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே எனத் தோன்றினாலும் கணக்கு அவ்வாறு தீர்வதில்லை. எதிர்காற்றில் கழியும் நேரம் நீள்வதால், காற்றே இல்லாத நாளைவிட இருவழிப் பயணம் 9 நிமிடம் கூடுகிறது. எனவேதான் அட்லாண்டிக்கின் மேல் செல்லும் வழித்தடங்கள் அன்றன்றைய காற்றைக் கணித்து நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையைச் சார்ந்த அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியபோதும், சுற்றியிருந்த காற்றும் உடன் நகர்ந்ததால் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. உண்மையிலேயே கடந்து பறந்த கான்கார்ட், 1996-இல் இதே வழியை மூன்று மணி நேரத்துக்குள் முடித்திருந்தது.

மேற்கண்ட கணக்கைவிட அட்டவணை நேரம் நீண்டிருப்பதற்குக் காரணம், அது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலான நேரம் என்பதே. பயணச்சீட்டிலோ புறப்பாட்டுக்கும் வருகைக்கும் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படுகிறது. ஆதலால் அவ்விரண்டையும் கழித்துப் பயண நேரம் காண்போர், இரு நகரங்களுக்கும் இடையே ஆண்டின் பெரும்பகுதி நிலவும் 5 மணி நேர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.