பாட்டிக்குப் பாட்டி பெயர் என்ன?

வாசக சகோதரிகளே, உங்கள் பாட்டியைப் பெற்றவள் பெயர் என்ன? சட்டென்று சொல்ல வரவில்லை, அல்லவா? கொள்ளுத்தாத்தா பெயராவது வீட்டுப் பத்திரத்தில் இருக்கும். பாட்டிமார் பெயருக்கு எங்கே போவது?

கிருபாபாய் சத்தியநாதன் இந்தக் குறையைத் தாமே தீர்த்து வைத்தார். ஆங்கிலத்தில் சுயசரிதை நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்மணி என்று போற்றப்படுகிறவர் அவர். 'சகுணா' என்ற அந்த நாவலில் தம் தாயாரின் கதையையும் சேர்த்தே எழுதினார்.

1862-இல் அகமதுநகரில் பிறந்தவர் அவர். தகப்பனார் ஹரிபந்த், தாயார் ராதாபாய். கிறிஸ்துவ மதத்தைத் தழுவிய மராத்தி பிராமணக் குடும்பம். தகப்பனார் சீக்கிரமே காலமாக, தமையன் பாஸ்கர்தான் தங்கைக்குப் படிப்பில் ருசி உண்டாக்கினார். அவரும் அற்பாயுளில் மறைந்தார்.

1878-இல் மருத்துவம் படிக்கக் கிருபாபாய் சென்னை வந்தார். பாதிரியார் சத்தியநாதன் வீட்டில் தங்கினார். பாதிரியாரின் மனைவி அன்னா அம்மாள், சென்னையில் பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். உடல்நலம் கெட்டதால் கிருபாபாயின் படிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் பின்னர் சாமுவேலை மணந்து அதே வீட்டுக்கு மருமகளாக வந்தார்! கணவருடன் உதகமண்டலம் சென்றபோது, மாமியாரைப் போலவே முஸ்லிம் சிறுமிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

பெற்ற ஒரே குழந்தையும் தவறிவிட்டது. நோயும் துக்கமும் வாட்டின. 'சகுணா' 1887-88-இல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. 'கமலா' என்ற இன்னொரு நாவல் புத்தகமாக வெளிவந்த 1894-லேயே அவர் கண்ணை மூடினார். வயது முப்பத்திரண்டுதான்.

வம்சம் அதோடு முடிந்ததா? இல்லை. சாமுவேல் மறுமணம் செய்துகொண்ட பட்டதாரிப் பெண்ணின் பெயரும் கமலாதான்! 1901-இல் பெண்களுக்கென்றே ஓர் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கி நடத்தினார் அவர். அவருடைய மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளரானார். தாயாரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

மாமியார், மருமகள், அவளுக்குப் பின் அந்த வீட்டில் விளக்கேற்றியவள், அவள் மகள்! இவர்களுக்குள் ரத்த சம்பந்தம் தேடினால் தாய்க்கும் மகளுக்கும், பாட்டிக்கும் பேத்திக்கும் மட்டுமே கிடைக்கும். ஆனால் புத்தகமும் பேனாவும் கைமாறி வந்த வழியைப் பார்த்தால், இதுவும் ஒரு வம்சம்தானே?

உங்கள் வீட்டுக் கதையையும் இப்படித் தேடிப் பாருங்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைக்கும் பெயர்களை இன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்குச் சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே!