இரைச்சலைக் குறைப்பது அனைவரதும் பொறுப்பு

நீர் மாசடைந்தால் கண்ணுக்குத் தெரிகின்றது. காற்று மாசடைந்தால் மூச்சு முட்டுகின்றது. ஒலியினால் சுற்றாடல் மாசடைவதை மட்டும் நாம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இரைச்சல் ஓய்ந்ததும் அதனால் விளைந்த கேடும் ஓய்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றோம். உண்மை அதுவன்று.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க் கலங்கள் உள்ளன. மிகையான ஒலியினால் இவை அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. 85 டெசிபல் ஒலியைத் தினமும் 8 மணித்தியாலங்களுக்கு மேல் கேட்பது செவிப்புலனுக்கு ஆபத்தானது. 3 டெசிபல் கூடும்போது ஒலியின் சக்தி இருமடங்காவதால், 88 டெசிபலில் இந்நேரம் 4 மணித்தியாலங்களாகக் குறைகின்றது.

பாதிப்பு செவியோடு நின்றுவிடுவதுமில்லை. நாம் உறங்கும்போதும் செவி உறங்குவதில்லை. நித்திரை முற்றாகக் கலையாவிடினும் இரைச்சலுக்கு உடல் எதிர்வினை காட்டுகின்றது. அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற ஓமோன்கள் சுரந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. ஆண்டுக்கணக்கில் இந்நிலை தொடர்ந்தால் இருதய நோய்க்கான ஆபத்து அதிகரிக்கின்றது.

எமது நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், வைத்தியசாலை, பாடசாலை முதலியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரையான பகுதியை அமைதி வலயமாக வகுத்து, அங்கு பகலில் 50, இரவில் 45 டெசிபல் என வரையறுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனைக்குப் பொலிஸார் அனுமதி வழங்கலாகாது என 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் பணித்தது. விசேட சமய நிகழ்வுகளுக்கு விலக்களிப்பதாயினும் அயலவரின் கருத்தை அறிய வேண்டும் என்றது.

எனினும், இரைச்சல் பற்றிப் பேச்செழும்போது மற்றவரது வழிபாட்டிடத்தைச் சுட்டுவதே எமது வழக்கமாகிவிட்டது. கோவிலாயினும் பள்ளிவாசலாயினும் மாற்றம் தன்னிடத்திலிருந்தே தொடங்க வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிகளை உயரத்தில் கட்டி ஊரை நோக்கித் திருப்புவதை விடுத்து, சிறிய ஒலிபெருக்கிகளை மண்டபத்தினுள் வைத்தால் கூடியிருப்போருக்குத் தெளிவாகவே கேட்கும். வைத்தியசாலை அருகே சாரதிகள் ஹோர்ன் அடிப்பதைத் தவிர்க்கலாம். இரைச்சல்மிக்க தொழிற்சாலைகளில் உரிமையாளர்கள் தொழிலாளருக்குக் காதுக் கவசம் வழங்க வேண்டும்.

ஆலய பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் அடுத்த நிகழ்வின்போது இரு வீதிகளுக்கு அப்பால் நின்று ஒருமுறை செவிமடுக்கட்டும். அங்கு ஒரு நோயாளி படுத்திருக்கலாம். ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களின் அமைதியைக் குலைக்குமாறு எந்தச் சமயமும் கேட்பதில்லை.