ஐரோப்பா டூர்: ஐந்து பேர் குடும்பம் எங்கே தங்கினால் பட்ஜெட் தாங்கும்?

ஐரோப்பா டூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தவுடன் எல்லோரும் முதலில் தேடுவது விமான டிக்கெட்டைத்தான். அதில் நான்காயிரம், ஐந்தாயிரம் குறைந்துவிட்டால் ஏதோ சாதித்த சந்தோஷம். ஆனால், பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழுவது வேறு இடத்தில். ராத்திரி தலைசாய்க்கும் ரூமில்!

அப்பா, அம்மா, 12 வயது மகள், 8 வயது மகன், கூடவே பாட்டி. கோயம்புத்தூரிலிருந்து இப்படி ஒரு குடும்பம் மே மாத விடுமுறையில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று பத்து ராத்திரிகளுக்குக் கிளம்புகிறது என வைத்துக்கொள்வோம். ஊட்டி என்றால் ஒரு டபுள் ரூம் எடுத்துவிட்டு, ``தம்பி, எக்ஸ்ட்ரா பெட் ஒண்ணு போட்டுடுங்க'' என்றால் வேலை முடிந்தது. ஐரோப்பாவில் இந்தக் கதை நடக்காது. அங்கே டபுள் ரூம் என்றால் இரண்டு பேருக்குத்தான். பழைய நகரங்களின் பட்ஜெட் ஹோட்டல்களில் இரண்டு சூட்கேஸைத் திறந்து வைத்தாலே நடக்க இடமிருக்காது.

``சின்னப் பையன்தானே, சொல்லாம கூட்டிட்டுப் போயிடலாம்'' என்ற யோசனையும் வேண்டாம். இத்தாலியில் தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கு அனுப்பியாக வேண்டும். ரிசப்ஷனில் ஐந்து பாஸ்போர்ட்டுகளையும் கேட்பார்கள். நான்கு பேருக்கு புக் செய்துவிட்டு ஐந்து பேராகப் போய் நின்றால், அந்த நேரத்தில் இன்னொரு ரூமுக்குக் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் புக்கிங் தளங்களில் தேடும்போதே ஐந்து பேர் என்று போட்டு, குழந்தைகளின் வயதையும் சரியாகக் கொடுத்துவிடுங்கள். `2 பெரியவர்கள்' என்று தேடினால் விலை அழகாகத்தான் இருக்கும். ஆனால், அந்த விலை உங்களுக்கானது இல்லை. அந்தத் தேடலில் பிடித்துப்போன ஹோட்டலில் ஐந்து பேருக்கு இரண்டு ரூம், சில இடங்களில் மூன்று ரூம் என்று ஆகிவிடும். ஒரு ராத்திரிக்கான கணக்கே இரட்டிப்பாகிவிடுகிறது. ஐந்து பேரும் ஒரே கதவுக்குள் தங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

யூத் ஹாஸ்டலில் பாட்டிக்கு இடமுண்டா?

தாராளமாக உண்டு. ஹாஸ்டல் என்றதும் நமக்குக் கல்லூரி விடுதியும் ரசம் சாதமும் ஞாபகத்துக்கு வரும். ஐரோப்பாவின் யூத் ஹாஸ்டல் கதை வேறு. 1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழித்தார். ஊர் ஊராக இப்படி மலிவாகத் தங்க இடம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912-ல் அல்டேனா கோட்டையில் உலகின் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் உருவானது. இன்று ஜெர்மனியில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாகராக் என்ற ஊரில் ரைன் நதியைப் பார்த்தபடி நிற்கும் ஸ்டாலெக் கோட்டையே ஒரு யூத் ஹாஸ்டல். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் தங்கலாம்.

இவற்றில் பலவற்றில் நான்கு அல்லது ஆறு படுக்கைகள் கொண்ட ஃபேமிலி ரூம் இருக்கிறது. ரூம் முழுக்க உங்களுக்குத்தான், முன்பின் தெரியாதவர் யாரும் வந்து படுக்க மாட்டார். காலை உணவு பெரும்பாலும் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். ஆனால், புக் செய்யும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பாத்ரூம் ரூமுக்குள்ளா, வராண்டா கோடியிலா? படுக்கைகள் அடுக்குக் கட்டிலாக இருந்தால் பாட்டிக்குக் கீழ்க் கட்டில் கிடைக்குமா? ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு ஏற்றம்? கோட்டை ஹாஸ்டல் போட்டோவில் அழகுதான், பெட்டியை இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது அழகெல்லாம் மறந்துபோகும். ஜெர்மனி போன்ற நாடுகளில் உறுப்பினர் அட்டையும் கேட்பார்கள்.

நம் குடும்பத்துக்கு இது அதிகம் கைகொடுக்கப்போவது சுவிட்சர்லாந்தில்தான். ஹோட்டல் விலையைப் பார்த்தாலே குளிரெடுக்கும் அந்த நாட்டில், இன்டர்லாக்கன் யூத் ஹாஸ்டல் இன்டர்லாக்கன் ஓஸ்ட் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. மலை ரயில்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான். டாக்ஸி செலவே இல்லை.

இன்னொரு விஷயம், நம்மவர்கள் பலர் கேட்டு வாங்காமல் விட்டுவிடுவது: விருந்தினர் அட்டை. ஜெனீவா, பாசல் நகரங்களில் முறைப்படியான விடுதிகளில் தங்குபவர்களுக்கு உள்ளூர் பஸ், டிராம் இலவசம். தெற்கே டிச்சினோ மாகாணத்தில் ஹோட்டல், யூத் ஹாஸ்டல், கேம்ப்சைட் எங்கே தங்கினாலும் மாகாணம் முழுக்கப் பொதுப் போக்குவரத்து இலவசம். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியிலும் `கோனுஸ்' என்ற அட்டை இதே வேலையைச் செய்கிறது. ஐந்து பேருக்கு நான்கு நாள் பஸ் செலவு என்பது சின்னத் தொகை இல்லை. செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு ஸ்டேஷன் தள்ளி...

ஈஃபிள் டவர் ஜன்னலில் தெரிய வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை. ஒரு ஸ்டேஷன் தள்ளித் தங்குவது என்ற பழைய உபாயம் பாரிஸில் இப்போது முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. முன்பு புறநகர் ரயில்களில் தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடும். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல் டி ஃபிரான்ஸ் பகுதி முழுக்க மெட்ரோ, ரயிலுக்கு ஒரே டிக்கெட் விலை. அறிமுகமானபோது 2.50 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயண அட்டை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

குழந்தைகள் எப்படியும் டிஸ்னிலேண்ட் கேட்பார்கள். அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கும் வால் தூரோப் பகுதியில் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. நகர மையத்துக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம். அதற்கு மேல் தள்ளிப்போவது நல்லதல்ல. மிச்சம் பிடித்த காசை பாட்டியின் மூட்டுவலியில் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெனிஸ் இன்னும் சுவாரஸ்யம். தீவுக்குள் தங்கினால் விலையும் அதிகம், பாலத்துக்குப் பாலம் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கவும் வேண்டும். கரையில் இருக்கும் மெஸ்த்ரேவிலிருந்து ரயிலில் பத்தே நிமிடம். பக்கத்து நகரமான பதுவா இன்னும் மலிவாகத் தெரியலாம், அங்கிருந்து அரை மணி நேரம்தான். ஆனால், ஒரு கணக்கு இருக்கிறது. 2024 முதல் வெனிஸ், கூட்டம் அதிகமான குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 10 யூரோ. 14 வயதுக்குக் கீழே இலவசம். மெஸ்த்ரே வெனிஸ் மாநகராட்சிக்குள் வருவதால் அங்கே தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆன்லைனில் பதிந்து அதற்கான கோடு மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதுவாவில் தங்கினால் விலக்கு இல்லை.

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் ரயிலில் கால் மணி நேரம் தள்ளியிருக்கும் ஹார்லம் நகரைப் பார்க்கலாம். லக்ஸம்பர்க்கிலோ 2020 முதல் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்து எல்லோருக்கும் இலவசம். எந்த மூலையில் தங்கினாலும் கவலையில்லை!

அபார்ட்மென்ட்டா? நம்பரைப் பாருங்கள்

ஐந்து பேர், நான்கு ராத்திரி என்றாலே அபார்ட்மென்ட்தான் பலருக்கும் முதல் தேர்வு. இரண்டு பெட்ரூம், வாஷிங் மெஷின், அடுப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால், இங்கேதான் இப்போது கவனம் தேவை. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டே வீடுகள் காலியாகிவிட்டதால், உள்ளூர் மக்கள் குடியிருக்க வீடு கிடைக்காமல் தவிக்கிறார்கள். 2024-ல் பார்சிலோனா போராட்டத்தில் சுற்றுலாப் பயணிகள் மீது வாட்டர் பிஸ்டலில் தண்ணீர் அடித்தது உலகச் செய்தியானது. அந்த நகரம் 2028 நவம்பருக்குள் சுமார் 10,000 சுற்றுலா அபார்ட்மென்ட்டுகளின் உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருக்கிறது. 2025 மே மாதம் ஸ்பெயின் அரசு, விதிமீறல் என்று 65,000-க்கும் அதிகமான விளம்பரங்களை நீக்கும்படி ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

ஆறு மாதம் முன்பே புக் செய்த வீடு, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் `கேன்சல்' என்று வந்தால் என்ன ஆகும்? பணம் திரும்ப வந்துவிடலாம். ஆனால், சீஸன் நேரத்தில் ஐந்து பேருக்கு வேறு இடம் அதே விலைக்குக் கிடைக்காது. இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி, விளம்பரத்தில் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது. இத்தாலியில் `சின்' எனப்படும் தேசிய அடையாள எண் 2025 ஜனவரி முதல் கட்டாயம். ஸ்பெயினில் 2025 ஜூலை முதல் பதிவு எண் வேண்டும். பாரிஸிலும் 13 இலக்கப் பதிவு எண் போட வேண்டும். எண் இல்லாத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். `தளத்துக்கு வெளியே நேரடியாக பேங்க்கில் பணம் போடுங்கள், தள்ளுபடி தருகிறேன்' என்கிறவரையும் சேர்த்துத்தான்.

விலையைப் பார்க்கும்போது கடைசிப் பக்கம் வரை போய் க்ளீனிங் கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு ராத்திரிக்கு அபார்ட்மென்ட் பெரும்பாலும் லாபமில்லை, நான்கு ராத்திரி தங்கினால்தான் கணக்கு நேராகும். `மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை' என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளில் படிக்கட்டு கிட்டத்தட்ட ஏணி மாதிரி. ஏ.சி-யும் நாமாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. பாரிஸில் பட்ஜெட் இடங்கள் பலவற்றில் கிடையாது, கோடை வெயிலோ இப்போது நம் ஊரோடு போட்டி போடுகிறது.

ரோமில் இன்னொரு வழியும் இருக்கிறது. கன்னியாஸ்திரி மடங்களும் துறவியர் இல்லங்களும் நடத்தும் விருந்தினர் விடுதிகள். எந்த மதத்தவரும் தங்கலாம். எளிமையான, சுத்தமான ரூம்கள். டி.வி இருக்காது, ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கதவைப் பூட்டிவிடும் இடங்களும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

பில்லில் வராத பில்

புக்கிங் தளத்தில் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாகப் போனால், ரிசப்ஷனில் `சிட்டி டாக்ஸ்' என்று ஒன்று கேட்பார்கள். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு ஒருவருக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ. 10 வயதுக்குக் கீழே கிடையாது. நம் குடும்பத்தில் பையன் தப்பித்துவிடுகிறான். மீதி நான்கு பேருக்கு மூன்று ராத்திரி என்றால் 72 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 7,200 ரூபாய்! ஆம்ஸ்டர்டாமில் ரூம் வாடகையில் 12.5 சதவிகிதம். நெதர்லாந்தில் 2026 ஜனவரி முதல் தங்கும் கட்டணத்துக்கான வாட் வரியும் 9-லிருந்து 21 சதவிகிதமாக ஏறியிருக்கிறது.

எத்தனை ராத்திரி, எந்தத் தூதரகம்?

ஷெங்கன் விசாவுக்கு எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கான ஆதாரம் வேண்டும். அதைவிட முக்கியம், எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் 3, சுவிட்சர்லாந்தில் 3, இத்தாலியில் 4 ராத்திரி என்றால் இத்தாலி. விண்ணப்பித்த பிறகு `மலிவாகக் கிடைத்தது' என்று இத்தாலியில் இரண்டு ராத்திரியைக் குறைத்து பாரிஸில் சேர்த்தால் கணக்கே மாறிவிடும். ரூம்களை முடிவு செய்த பிறகு விண்ணப்பம் என்ற வரிசைதான் சரி.

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. மகளுக்கு 12 ஆகிவிட்டதால் முழுக் கட்டணம். மொத்தம் 405 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இது திரும்ப வராது. அதனால் விசா கையில் வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங்குகளே பாதுகாப்பு. சில ஏஜென்ட்டுகள் எடுத்துத் தரும் `டம்மி' புக்கிங்கை நம்பி இறங்க வேண்டாம். தூதரகம் சரிபார்த்தால் மாட்டிக்கொள்வது விண்ணப்பித்தவர்தான்.

கறிவேப்பிலைக்குத் தடை!

சமையலறை உள்ள இடம் எடுத்துவிட்டால் பாட்டியின் முகத்தில் தெம்பு வந்துவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டை ரூமிலேயே முடித்தாலும் பெரிய மிச்சம். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷனாக இருக்கும், நம் வீட்டு அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. சின்ன எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் கொண்டுபோனால் கவலையில்லை. ஹாஸ்டல் ரூமுக்குள் சமைக்க அனுமதி இருக்காது, பொதுச் சமையலறை இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எதை அடைக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் காய்கறி, பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. ஆக, ஐரோப்பாவின் கஸ்டம்ஸைப் பொறுத்தவரை தேங்காய் போகலாம், கறிவேப்பிலை போகக் கூடாது. தேங்காய் விஷயத்தில் விமான நிறுவனத்தின் விதியை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி ஃபேனையும் போட்டுவிடுங்கள். காய்ந்த மிளகாய் கருகினால் முதலில் தும்முவது நீங்களாக இருக்காது, கூரையில் இருக்கும் ஃபயர் அலாரமாக இருக்கும்.